பொய் சொன்ன மீட்டர்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை எனக்கு. அங்கே தோலை இரண்டு அடுக்காகப் பிளக்கும் மெஷினை ஓட்டியவர், அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வரும் ஓர் அண்ணன். பதினெட்டு வருஷமாக அதே மெஷின். திடீரென்று மதியத்தில் பிளக்கிற தோலெல்லாம் கனம் கூடி வரத் தொடங்கியது. மேனேஜர் அவருக்கு மெமோ கொடுத்து, உப்பு போட்ட பச்சைத்தோலை உதறும் இடத்துக்குத் தள்ளிவிட்டார்.

"கனம் காட்டுற மீட்டர் தப்பா காட்டுதுன்னு மூணு மாசமா கத்துறேன் மா. யாரு கேக்குறாங்க?" என்றார் அண்ணன்.

மெஷின் விற்ற கம்பெனியின் ஆள் ஒரு காலையில் வந்து பத்து நிமிஷம் பார்த்தார். "மீட்டர் கரெக்டா இருக்கு சார். ஆபரேட்டர்தான் சரியில்ல." மேனேஜர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெஷினின் உருளை உயர்ந்தால் தோலின் கனம் கூடும்; அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்வது ஒரு விரல் நீளச் சென்சார். கழற்றினேன். மாடல் எண்ணை அரம் வைத்துத் தேய்த்திருந்தார்கள். கம்பெனிக்கு போன் செய்தால், "அதெல்லாம் சொல்ல மாட்டோம் மேடம், முழு செட்டா மாத்திக்குங்க" என்றார்கள். நாங்கள் வாங்கிய மெஷினுக்குள் என்ன இருக்கிறதென்று எங்களுக்கே தெரியக் கூடாதாம்!

மூன்று ஒயர்கள். மல்டிமீட்டர் வைத்தேன். நடு ஒயரிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் ஒரே அளவு மின்தடை. ஓரத்துக்கு ஓரம் அதில் இரட்டிப்பு. அப்படியானால் உள்ளே நடுவில் பிரித்த கம்பிச்சுருள், அதற்குள் நகரும் இரும்புத் தண்டு. தண்டு எந்தப் பாதிக்குள் அதிகம் நுழைகிறதோ அந்தப் பாதியின் மின்தூண்டல் கூடும்; நடு ஒயரின் வோல்ட்டேஜும் அதற்கேற்ப மாறும். வேலூர் பஜாரில் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கி, இரண்டு ஓரங்களுக்கும் மாற்றி மாற்றித் துடிப்பு கொடுத்து, நடு ஒயரின் வோல்ட்டேஜைப் படிக்க வைத்தேன். எண்கள் தாறுமாறாகக் குதித்தன. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கணத்தில் படிக்கும்படி புரோகிராமை மாற்றியதும் அடங்கின. சென்சாரைத் திரும்ப மாட்டி உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த, எண்ணும் ஒழுங்காக ஏறியது. சென்சார் நல்லதுதான்.

ஒரு ஞாயிறு, உருளையைப் பூட்டிவிட்டு என் போர்டை ஓட விட்டேன். மதியம்வரை எண் அசையவில்லை. அடுத்த ஞாயிறு பழைய மீட்டரை மாட்டினேன். உருளை நகரவேயில்லை; ஆனால் தான் சூடேற ஏற மீட்டர் 1.2 மில்லிமீட்டரிலிருந்து 0.9-க்கு இறங்கியது. அதை நம்பித்தான் அண்ணன் உருளையை உயர்த்தியிருக்கிறார். மணிக்கு ஒன்றாக எடுத்த போட்டோக்களை மேனேஜரிடம் காட்டினேன்.

"சரி, பேஜார் முடிஞ்சுது. உன் போர்டையே மாட்டிடு."

"அண்ணனோட மெமோ சார்?"

"அது ஃபைலுக்குப் போய்டுச்சு. இப்ப இன்னா பண்றது?"

போர்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "ரத்து பண்ணி எழுதிக் குடுங்க சார். அப்புறம் மாட்டுறேன்."

பழைய மீட்டரை நம்பி ஓட்ட முடியாமல் இரண்டு நாள் மெஷின் நின்றது. மூன்றாம் நாள் கடிதம் வந்தது; போர்டை மாட்டினேன். பழைய இடத்துக்குத் திரும்பிய அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"நிர்வாகக் காரணத்தால ரத்துன்னு போட்டுருக்காங்க. தப்பு அவங்களோடதுன்னு எங்கயும் எழுதல, பாத்தியா மா?"

வாங்கிப் பார்த்தேன். எழுதவில்லைதான். அவர் மெஷினை ஓட விட்டு, முதல் தோலை உள்ளே தள்ளினார்.