சுண்டெலியின் அழுகை

மறதி நோய் வந்தவர்களின் கட்டிலுக்கு எதிரே குடும்பப் படங்களை ஒட்டி, கீழே பெரிய எழுத்தில் உறவுமுறையை எழுதி, தினமும் காலையில் சொல்லிக்காட்ட வேண்டும். பயிற்சியில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் மகனிடம் படங்கள் கேட்டேன்.

மகன் குடிநீர் வாரியத்தில் பம்பு ஓட்டுகிறவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, நரைத்த மீசை. சின்ன வயதில் சினிமா ஒன்றில் ‘சுண்டெலி’ என்ற பையனாக நடித்தவர். பேங்க் வாசலில் நின்றால் இன்றும் யாராவது ஒருவர், "நீங்க சுண்டெலிதானே?" என்று கேட்டு, மேலும் கீழும் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்.

அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே கட்டுக்கட்டாகப் படங்கள், எல்லாமே படப்பிடிப்பில் எடுத்தவை. நடிப்பு அப்பாவின் தோளில் பையன், நடிப்பு அம்மாவின் மடியில் பையன், உள்ளே தெர்மாகோல் வைத்த கேக்கை வெட்டுகிற பையன்.

"உங்க நிஜ அப்பா எங்கே?"

ஒரு படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு முழங்கை தெரிந்தது. "இதுதான்க்கா அப்பா. என் ஸ்கூல் சட்டையை வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

பெட்டியின் அடியில், அவர் நடிக்க வந்த பிறகு வாங்கிய பிறப்புச் சான்றிதழ் கிடந்தது. இன்னும் கொஞ்ச காலம் சின்னப் பையனாக ஓட்டலாம் என்று அம்மா அதில் இரண்டு வயதைக் குறைத்துப் பதிந்திருந்தார்.

"என் வயசுக்காரங்க எல்லாம் ரிட்டயர் ஆகி வீட்ல கால் நீட்டிட்டாங்க. எங்கம்மா புண்ணியத்துல நான் இன்னும் பம்பு ஓட்டறேன்" என்று சிரித்தார்.

வேறு வழியில்லை, அந்தப் படங்களையே ஒட்டினேன். அந்த அம்மா நடிப்பு அப்பாவைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரர்" என்பார். பையனைப் பார்த்து, "என் புள்ளை" என்பார். சோறு ஊட்ட வரும் மகனைப் பார்த்தால், "தொட்டி கழுவ வந்த ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்பார்.

மகன் தினமும் ஷிப்டு முடிந்ததும் நேரே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவை என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டா போதும்க்கா. அப்புறம் போனாலும் போகட்டும்."

ஒருநாள் விரிப்பு மாற்றுகையில் அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அழுகிற காட்சி வந்தால் அம்மா குனிந்து, "அப்பா செத்துட்டாருடா" என்று காதில் சொல்வாராம். பையனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். முடிந்ததும் கையில் மிட்டாய்.

"ஒருநாள் ஸ்கூலுக்கே வந்து சொன்னா. நானும் அழுதேன். முடிச்சிட்டு, ‘சரியா வந்துச்சாம்மா?’ன்னு கேட்டேன். கன்னத்துல ஒண்ணு விட்டா பாருங்க. அன்னைக்கு நிஜமாவே செத்துட்டாரு."

அதற்குப் பிறகு கேமரா முன்னால் அவருக்கு அழுகை வரவில்லை. அடுத்த சினிமாவில் வேறு பையனைப் போட்டார்கள். "வந்த பொழப்பைக் கெடுத்துட்டியேடா" என்று அம்மா அவருக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் சொல்லிக்காட்டினாராம்.

மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மகன் கட்டிலோரம் உட்கார்ந்து, "அம்மா, நான்தான்மா" என்றார்.

"யாருப்பா நீ? கூலி இன்னும் வரலையா?"

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்று கண் நிறைந்து வழிந்தது. அந்த அம்மாவின் முகம் சட்டென்று தெளிந்தது.

"சுண்டெலி! துடைக்காதேடா. லைட்டு பக்கம் திரும்பு."

அந்தப் பெரிய உடம்பு ஜன்னல் பக்கம் திரும்பியது.

"ம்... அப்படித்தான். போதும். போய் மிட்டாய் வாங்கிக்கோ."

அதோடு கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு போகவில்லை, தூக்கம்தான். மகன் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஆசைப்பட்ட மாதிரி கூப்பிட்டுட்டாங்களே" என்றேன்.

"அவனைத்தானேக்கா கூப்பிட்டா." சுவரைக் காட்டினார். "அதையெல்லாம் கழட்டிப் போடுங்க."

நான் கழற்றவில்லை. விழித்ததும் அந்த அம்மா அவற்றைத்தான் தேடுவார். என்னுடைய நோயாளி அவர்தான், மகன் இல்லை.