நான்கு நாள் சாப்பாடு

லிஃப்ட் பழுது பார்க்கும் அவருக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசல் பக்கமே திரும்பியிருக்கும். எந்தக் கட்டடத்தில் யார் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார்களோ என்று காது போனிலேயே கிடக்கும். கூட வேலை செய்பவர்கள் 'பரபரப்பு' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நன்றாக நடக்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடப்பதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் கடைசிவரை வசப்படவில்லை.

மனைவியின் தம்பி தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். விடுமுறை கிடைத்தால் போதும், பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் ஏறிவிடுவான். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாலு நாள் நடை மாமா. வழியில கடை கண்ணி எதுவும் இருக்காது. கூடாரமும் அடுப்பும் என் பொறுப்பு. சாப்பாடு உங்க பொறுப்பு. வர்றீங்களா?"

"வராம?" என்றார் அவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து வீடு இரண்டுபட்டது. அரிசி, பருப்பு, ஓட்ஸ், பால் பவுடர், வேர்க்கடலை, உலர்ந்த பழம் எல்லாம் கூடத்துத் தரையில் பரவிக் கிடந்தன. டின் மீனை எடுத்துப் பையில் வைப்பார், கனம் என்று எடுத்துவிடுவார், மழை பிடித்து ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி ஆனால் என்ன செய்வது என்று திரும்ப வைப்பார். முட்டை அவித்தால் கெடும், அவிக்காவிட்டால் உடையும். தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். போன இடத்திலிருந்து போன் போட்டு, "அந்தப் பருப்பைக் கொஞ்சம் குறைச்சிடு" என்பார்.

வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க காட்டுல நடக்கப் போறீங்களா, காட்டுல மளிகைக் கடை வைக்கப் போறீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடினால் அடுப்பு அணைந்து போனது, அரிசி நனைந்து போனது என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின வாரம், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திவைத்துக் கம்பிவடம் மாற்றும் வேலை. எப்படியும் மேலே ஏறியாக வேண்டும், பை எவ்வளவு கனக்கிறது என்றும் பார்த்துவிடலாம் என்று அதையும் மாட்டிக்கொண்டு போனார். காலை மாத்திரையை விழுங்கியாயிற்று. ஏறி இறங்கிவிட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார்.

பாதி மாடிகளைத் தாண்டியதும் வியர்த்து ஊற்றியது. முதலில் கனம் என்று நினைத்தார். பிறகு கைப்பிடிச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. பையை இறக்கி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். எத்தனையோ நுணுக்கமான திருகுகளைக் கழற்றிய விரல்களுக்கு ஒரு கயிற்று முடிச்சு பிடிபடவில்லை. குளுக்கோஸ் பொட்டலம் எல்லாவற்றுக்கும் அடியில், அரிசிக்குக் கீழே இருந்தது.

குப்பைக் கூடையோடு கதவைத் திறந்த அந்த மாடிக்காரப் பெண்மணிதான் பார்த்தாள். பேச்சு குழறினாலும் "சர்க்கரை" என்ற ஒரு சொல்லை அவர் எப்படியோ சொல்லிவிட்டார். அவள் உள்ளே ஓடித் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்கி வந்து, டம்ளரை அவர் வாயருகே பிடித்துக்கொண்டாள். நடுக்கம் அடங்கியபின் இரண்டு ரொட்டித் துண்டுகளும் கொடுத்தாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து தின்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கத்தவில்லை. பையைத் தரையில் கவிழ்த்தாள். அரிசி, பருப்பு, டின் எல்லாம் உருண்ட பிறகு கடைசியாகக் குளுக்கோஸ் பொட்டலம் விழுந்தது.

"இதை ஏன் அடியில வச்சீங்க?"

"அவசரத்துக்கு வச்சது. அதான் பத்திரமா..." என்று ஆரம்பித்தவர் குனிந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

அவள் தம்பியை வரவழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் தொங்கிப்போனது. "உங்களுக்குச் சர்க்கரைன்னு என்கிட்ட யாருமே சொல்லலையே மாமா. மலை உச்சியில இப்படி ஆகியிருந்தா நான் அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டியோன்னு நினைச்சேன் மாப்ள."

அவன் தரையில் கிடந்த டின்களை ஒதுக்கிவிட்டு அவரருகே உட்கார்ந்தான். "கூட்டிட்டுதான் போவேன். ஆனா நாளைக்கே ரெண்டு பேரும் டாக்டரைப் பார்க்கணும். உங்க சாப்பாட்டை உங்ககூட சேர்ந்து நானும் பார்த்துக்கிறேன்."

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, நடக்கும் நாட்களுக்கு மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார். அரிசி பாதியாயிற்று. அடுப்பு மூட்டாமல் தின்னக்கூடியவை கூடின. மனைவி அவர் சட்டை மார்பில் ஒரு பை தைத்தாள், வேண்டாம் என்ற தம்பியின் சட்டையிலும் ஒன்று தைத்தாள். இரண்டிலும் குளுக்கோஸ்.

போனார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் மச்சினன் நின்று, "மாமா, வாயில ஏதாவது போடுங்க" என்று படுத்தி எடுத்தான். அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கடலையை மென்றுகொண்டே நடந்தார். இரண்டாம் நாள் பெரிய மழை பிடித்தது. ஓடையின் மேல் போட்டிருந்த மரப்பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. இரண்டு பேரும் வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று.

அடிவாரத்துப் பேருந்து நிறுத்தத்தில் தொப்பலாக நனைந்து நின்றார்கள். பையில் ஒரு நாள் சாப்பாடு அப்படியே மிச்சம். அவர் உட்காரவில்லை. கூரை விளிம்பு வரை நடப்பதும் மலையைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார்.

"பாலத்தை எப்ப சரி பண்ணுவாங்க மாப்ள?" என்று கேட்டார்.

"மழை விடட்டும் மாமா. முதல்ல பையில இருக்கிற ரொட்டியைச் சாப்பிடுங்க."

அவர் நின்றபடியே ரொட்டியைப் பிட்டு ஒரு பாதியை அவனிடம் நீட்டினார்.