அனுமதி கிடைக்காத கொசுக்கள்

நான் வேலை பார்ப்பது வெளியூரில், கொசு வளர்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில். டெங்குவைப் பரப்பும் அதே இனத்துக் கொசுவின் உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் குடியேற்றி வளர்க்கிறோம். அது உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவுக்குள் எளிதில் பெருகாது. முட்டை வழியாக அந்த பாக்டீரியா அடுத்த தலைமுறைக்கும் போய்விடும். இந்தக் கொசுக்களை ஊருக்குள் விடத்தான் இன்னும் அனுமதி இல்லை.

ஐப்பசி மழையில் சொந்த ஊரான கோட்டாற்றிலிருந்து தங்கை போனில் கூப்பிட்டாள். "அக்கா, கண்ணுக்குப் பின்னால குத்துது. நிக்க முடியல்ல." நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் வலை கட்டிய கட்டிலில் கிடந்தாள். டெங்குதான்.

பக்கத்துக் கட்டிலில் பத்து வயதுப் பெண்பிள்ளை. கடியப்பட்டணத்துக்காரி. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அம்மா ஈரத்துணியால் வாயை ஒற்றிக்கொண்டே இருந்தாள். அந்த நிலையிலும் தங்கைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க அக்காவுக்குக் கொசு வளக்குகதுதான் வேல" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அப்பம் அந்தக் கொசு கடிச்சா இது வராதா?"

"வர்றது ரொம்பக் குறையும்."

"பெறவு ஏன் பூட்டி வச்சிருக்கிய?"

"அனுமதி வேணும்."

"யாருக்க அனுமதி மக்ளே? நான் வேணும்னா வந்து கேக்கட்டா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால், மகளை யாரிடமாவது விட்டுவிட்டு அப்போதே கிளம்பியிருப்பாள். எனக்கே அது சரியாகத் தெரியாது. கொசுக் கூண்டில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சை மாற்றுகிறவள் நான். விட்ட கொசுவைத் திரும்பப் பிடிக்க முடியாது, அதனால்தான் யோசிக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பிள்ளையின் உதட்டில் மறுபடியும் ரத்தம் தெரிந்ததும், துணியை வாங்கி நனைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அந்தக் கட்டில் காலி. திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாக நர்ஸ் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. நான் பெயர்கூடக் கேட்டு வைத்திருக்கவில்லை.

தங்கை பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, ஃபிரிட்ஜின் பின்தட்டிலிருந்து செடிச்சட்டி வரை தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டினேன். மாடியில் ஏறியபோதுதான் அடுத்த வீட்டுத் தொட்டி தெரிந்தது. மூடி இல்லை, நிறைய மழைத்தண்ணீர். வீட்டுக்காரர் வளைகுடாவில். மாநகராட்சியில் புகார் சொன்னதும் கொசு மருந்து ஊற்றுகிற பெண் வந்து வெளிவாசல் பூட்டை ஆட்டிப் பார்த்தாள்.

"பூட்ட ஒடைக்க எங்களுக்கு ஆர்டர் இல்ல மேடம்" என்றாள்.

"தெரியும்" என்றேன். அவள் சுவரில் வந்துபோன தேதியை எழுதிவிட்டு அதற்கடுத்த வீட்டுக்குப் போனாள்.