ஜெயனி பூட்டி வைத்த முகம்

ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜெயனி, பகலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடைப்பவள். பின்னேரங்களில் படம் திருத்துவாள். பிள்ளைகள் பெரியபிள்ளையானால் சாமத்தியவீட்டு அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், செத்தவீட்டுக் கல்வெட்டு என்று எல்லாம் அவளிடம்தான் வரும். கல்வெட்டு என்றால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும். அந்தப் படம் நன்றாக வந்துவிட்டால் போதும், உள்ளே தேவாரத்தில் பிழை இருந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கொண்டுவந்து கொடுத்த படத்தின் மேல் அவள் கை வைக்கமாட்டாள். கொம்பியூட்டரில் படம் ஏறியவுடன் முதல் வேலையாக அதைப் பூட்டிவிடுவாள். அதற்கு மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றை விரித்து, திருநீற்றை அதில் பூசுவாள். மாலைக்கு இன்னொரு தாள், கோட்டுக்கு ஒன்று, முகத்தை வெளுப்பாக்குவதற்கு ஒன்று. ஒவ்வொரு தாளின் பெயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் கீறியிருக்கும். அந்தக் கண்ணைத் தட்டினால் தாள் மறையும், திரும்பத் தட்டினால் வரும். அடியில் இருக்கும் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. பெரியவர்களுக்கான வகுப்பில் பிரெஞ்சில் படித்தபடியால் அந்தத் தாள்களை அவள் 'கல்க்' என்பாள். தமிழில் என்ன சொல்வதென்று நானும் கேட்கவில்லை.

எனக்கு அது விளங்கியது கோயிலில்தான். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பிள்ளையாருக்குச் சந்தனக்காப்புச் சாத்தி, பட்டு உடுத்தி, அறுகம்புல் மாலை போடுவார்கள். அன்றைக்கு வருகிறவர் அவரைப் பொன்னிறமாகப் பார்த்துவிட்டுப் போவார். அடுத்த நாள் அபிஷேகத்துக்கு எல்லாவற்றையும் களைந்தால், உள்ளே அதே கருங்கல் பிள்ளையார் அப்படியே இருப்பார். ஐயர் அழகு பார்க்கிறார் என்பதற்காக உளியை எடுத்துக்கொண்டு போவாரா? ஜெயனியிடம் இதைச் சொன்னபோது, "இவ்வளவுதான் அக்கா என்ர வேலை, வேற ஒண்டுமில்லை" என்று சிரித்தாள்.

பிடிவாதத்துக்குக் காரணமும் உண்டு. அவளுடைய வீட்டுச் சுவரில் அவளின் அப்பாவின் படம் தொங்குகிறது. தலை அப்பாவுடையது. தோளும் கோட்டும் யாருடையவோ. கொழும்பில் ஒரு ஸ்ரூடியோவில், இருந்த ஒரே படத்தின் மேலேயே தீட்டி, முகத்தை வழுவழுவென்று ஆக்கிக் கொடுத்துவிட்டார்களாம். அப்பா போகும்போது அவள் கைக்குழந்தை. அப்பாவின் முகத்தில் மச்சம் இருந்ததா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லவும் ஆளில்லை.

போன மாசி மாதத்தில் ஞானேந்திரன் அண்ணை மாரடைப்பில் காலமானார். துறைமுகத்தில் கொன்டெய்னர் இறக்கும் இடத்தில் வேலை செய்தவர். அதற்கு முன் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்றவர். குசினியில் எண்ணெய் கொட்டி, இடக்கன்னம் முழுக்க வெந்து, சுருங்கிய தோலாகவே ஆறியிருந்தது. அதனால் படம் எடுக்க நின்றால் வலக்கன்னத்தைத்தான் காட்டுவார். கலியாணவீடுகளில் எடுத்த படங்களில் எல்லாம் பக்கத்தில் யாரையோ பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருப்பார். நேராகப் பார்த்துச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துறைமுக வாசலில், செம்மஞ்சள் வேலை அங்கியோடு, கூட வேலைசெய்யும் றெனோல்ட் அவரின் போனிலேயே எடுத்துக் கொடுத்தது.

காரியங்களை நடத்த ரொறொன்ரோவிலிருந்து அவரின் தமையன் கணேசலிங்கம் வந்திருந்தார். நல்ல மனுசன், ஓடி ஓடிச் செய்தார். அவர்தான் அந்தப் படத்தை ஜெயனிக்கு அனுப்பி, என்னென்ன செய்யவேண்டும் என்றும் சொன்னார். அங்கியை எடுத்துவிட்டுக் கறுத்தக் கோட் போடவேண்டும். திருநீறும் சந்தனப்பொட்டும் வேண்டும். நிறம் கொஞ்சம் வெளுக்கவேண்டும். கன்னம் மற்றக் கன்னம் மாதிரியே இருக்கவேண்டும்.

ஜெயனி எல்லாவற்றையும் செய்தாள். அவளுடைய பழைய மடிக்கொம்பியூட்டர் தாள் கூடக்கூட மூச்சு வாங்கும். ஒரு தாளை அசைத்துவிட்டு, எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வரலாம். எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிட்டால் வேகமாக ஓடுமே என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன். ஒட்டினால் பிறகு பிரிக்க ஏலாது என்பாள்.

கணேசலிங்கம் வந்து பார்த்தபோது நானும் அங்கே இருந்தேன். செத்தவீட்டுக்குச் சமைக்கும் பொறுப்பு என்னுடையது, சாமான் பட்டியல் பேச இறங்கிப் போயிருந்தேன். அவர் படத்தைக் கனநேரம் பார்த்தார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான் என்றார். அவருக்குத் திருப்தி. ஜெயனி ஒரு கண்ணைத் தட்டிக் கோட்டின் நிறத்தை மாற்றிக் காட்டப்போக, கை தவறி வேறொரு கண் மூடிக்கொண்டது. வெந்த கன்னம் வெளியே வந்துவிட்டது.

அவர் திடுக்கிட்டுப் போனார். அது இன்னும் உள்ளே கிடக்கிறதா என்று கேட்டார். அடியில் பூட்டியிருக்கிறேன் என்றாள் ஜெயனி.

"அதை அழிச்சுவிடு தங்கச்சி. அந்த முகத்தை இனி ஒருத்தரும் பாக்கக்கூடாது."

ஜெயனி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அச்சுக்குக் கொடுக்க ஒட்டிய பிரதி ஒன்று தருகிறேன், அதில் கோட்டும் கன்னமும் அவர் கேட்டபடியே இருக்கும், அடிப்படத்தை மட்டும் அழிக்கமாட்டேன் என்றாள். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. படம் அவருடைய தம்பியுடையது, சொன்னதைச் செய்வதுதானே அவள் வேலை என்றார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அது மலரக்கான்ர மனுசன்ர முகம், அண்ணை. அவ சொன்னா அழிக்கிறன்."

அவர் பிரதியை வாங்கிக்கொண்டு, சப்பாத்தைச் சரியாகக்கூடப் போடாமல் பனிக்குள் இறங்கிப் போனார்.

அண்ணையின் மனைவி சிவமலர், நாங்கள் மலரக்கா என்போம், பாவம், அழுதழுது குரல் போய்விட்டிருந்தது. அடுத்த நாள் கணேசலிங்கம் அந்தப் பிரதியைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மலரக்காவின் வீட்டில் மாட்டினார். விளக்கை ஏற்றும்படி நான் திரியைத் திரித்துக் கொடுத்தேன். மலரக்கா படத்தின் முன்னால் வந்தார், நெருப்புக்குச்சியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"இது ஆர்?"

அவர் குச்சியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய் மனுசனின் போனைத் தேடி எடுத்தார். தட்டித் தட்டிப் பார்த்தார். துறைமுகப் படம் இல்லை. வெந்த கன்னம் அரைகுறையாகத் தெரிந்த படம்கூட இல்லை. கணேசலிங்கம் வாசலில் நின்று, தானே எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கோலத்தில் தம்பியை நினைத்துக்கொண்டு மலரக்கா இருக்க வேண்டாம் என்றுதான் செய்தாராம். மலரக்கா திட்டவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் அப்படியே இருந்துவிட்டார். அவர் ஒப்பாரி வைத்திருந்தால்கூட எனக்கு மனம் இவ்வளவு பதறியிருக்காது.

நான் குசினிக்குள் போய் ஜெயனிக்குப் போன் அடித்தேன். களஞ்சியத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, "வாறன்" என்றாள். வீட்டுக்குப் போய், கொம்பியூட்டரைத் துவாயால் சுற்றி, பொலித்தீன் பைக்குள் வைத்து, இன்னொரு பஸ் பிடித்து, கொட்டுகிற பனிக்குள் வந்து சேர்ந்தாள். செத்தவீட்டுத் துடக்குக் கழியும்வரை மலரக்கா வெளியே போகக்கூடாது, போனில் அனுப்பினால் தாள்களைக் கழற்ற ஏலாது, அதனால் படம்தான் அவரிடம் வரவேண்டும் என்றாள்.

மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தபின்னும் கொம்பியூட்டர் இலேசில் எழும்பவில்லை. நாங்கள் மூன்று பெண்களும் அதன் முன்னால் இருந்தோம். நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். கணேசலிங்கம் குசினி வாசலில், உள்ளே வராமலும் வெளியே போகாமலும் நின்றார். கடைசியில் அந்தக் கோட்டுப் போட்ட முகம் வந்தது. மலரக்கா முகத்தைத் திருப்பினார்.

"பாருங்கோ அக்கா. நீங்கள் சொல்லுங்கோ, நான் கழட்டிறன்" என்றாள் ஜெயனி.

முதலில் கோட் போனது. செம்மஞ்சள் அங்கி தெரிந்ததும் மலரக்கா, அந்த அங்கியின் கழுத்து ஊத்தை எத்தனை தரம் தேய்த்தும் போகாது என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு வெளுப்பைக் கழற்றச் சொன்னார். பிறகு சந்தனப்பொட்டை, மனுசன் பொட்டு வைக்கிறவர் இல்லையாம். கன்னத்தின் கண்ணுக்கு மேல் ஜெயனியின் விரல் நின்றது. அவள் மலரக்காவையும் பார்த்தாள், குசினி வாசலையும் பார்த்தாள்.

"எடு" என்றார் மலரக்கா.

வெந்த கன்னத்தோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஞானேந்திரன் அண்ணை எங்களைப் பார்த்துச் சிரித்தார். மலரக்கா விரலால் திரையைத் தொட்டார். குரல் போனபின் அன்றைக்குத்தான் அவர் சத்தம் வர அழுதார். அழுது முடிய, ஜெயனி திருநீற்றையும் எடுக்கவா என்று கேட்டாள்.

"திருநீறு இருக்கட்டும். குளிச்சிட்டுப் பூசாமல் அவர் வேலைக்குப் போனதில்லை. வேர்வையில அழிஞ்சிருக்கும்."

அப்போதுதான் கணேசலிங்கம் வாயைத் திறந்தார். யாரையும் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துப் பேசினார். அந்தக் குசினி வேலையைத் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அப்போது அவரும் இங்கேதான் இருந்தார், இருவரும் ஒரே அடுப்பில் நின்றவர்கள்.

"எண்ணெய்ச் சட்டி என்ர கையிலயிருந்துதான் சரிஞ்சது, மலர்."

"தெரியும் அத்தான்" என்றார் மலரக்கா. "அவர் அப்பவே சொன்னவர். ஒரு நாளும் உங்களைக் குறை சொன்னதில்லை."

அவர் வந்து மேசைக்குப் பக்கத்தில் குந்தினார். அவ்வளவு பெரிய ஆள் பிள்ளைபோலக் குந்தி, தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்துக்கு அனுப்பியதை நிறுத்தவேண்டும் என்று ஜெயனி மெல்லச் சொன்னாள். அவரே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். புதுப் படம் அன்றைக்கே போனது.

அந்தியேட்டி அன்று மண்டப வாசலில் நின்று கல்வெட்டைக் கொடுத்தவர் கணேசலிங்கம்தான். துறைமுகத்திலிருந்து றெனோல்ட்டும் வந்திருந்தார். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத மனுசன், புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார், படத்தின் கன்னத்தில் பெருவிரலை வைத்துத் தடவினார். அவர்தான், அவரேதான் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை மூடாமலே உள்ளே போய் இருந்தார். கணேசலிங்கம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்து வந்தவருக்குப் புத்தகம் கொடுக்க மறந்துபோனார்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் ஏற்றும் நேரத்தில் அவர் ஜெயனியிடம் வந்தார். அந்தக் கோட்டுத் தாளை அழித்துவிட்டாளா என்று கேட்டார். இல்லை, கண்ணை மூடித்தான் வைத்திருக்கிறேன் என்றாள்.

"கிடக்கட்டும். கலியாணத்துக்கும் அவன் கோட் போடேல்லை. ஒருக்கால் நான் தனியப் பாக்கவேணும்."

"வாங்கோ அண்ணை. அது எங்கேயும் போகாது" என்றாள் ஜெயனி.

வீட்டுக்கு வரும்போது அவளுடைய கைப்பைக்குள் புதிதாக வந்த ஒரு படம் இருந்தது. லொங்குய்யிலிருந்து யாரோ தாயின் படம் கொடுத்திருந்தார்கள். கடைசிக் காலத்துப் படத்தில் நெற்றி வெறுமையாக இருக்கிறதாம், குங்குமம் வைத்துத் தரவேண்டுமாம். வைப்பேன் என்றாள். பனிச்சப்பாத்தைக் கழற்றி, முகம் கழுவி, சாமிப்படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, அந்தத் தாயின் படத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றி, முதலில் அதைப் பூட்டினாள்.