போதும் என்று நான் சொல்லவில்லை

இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்க்கிறவன் நான். அன்னூரிலிருந்து சத்தி போகும் சாலையில் என் பட்டறை. வண்டியில் ஏதோ ஏறிவிட்டது, தானாக இழுக்கிறது, தானாக நடுங்குகிறது என்று முன்னால் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வந்த டிரைவர்கள் எத்தனையோ பேர். எல்லாமே கடைசியில் தேய்ந்த பேரிங்காகவோ காற்றுக் குறைந்த டயராகவோதான் இருந்திருக்கின்றன. கிரீஸ் அடித்தால் ஓடிப்போகிற பேயைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பேன். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன், ஒரே ஒரு வண்டியைத் தவிர. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை; கண்ணால் பார்த்ததையும் விரலால் தொட்டதையும் மட்டும் சொல்கிறேன். இருட்டு, தூக்கக் கலக்கம் என்றெல்லாம் சொல்லித் தள்ளவும் முடியாது, நடந்தது மத்தியானம் மூன்றரை மணிக்கு.

முருகேசனின் ஆறு சக்கர லாரி அது. சொந்தக்காரனும் டிரைவரும் அவனேதான். அன்று பம்ப்செட் லோடு ஏற்றி, திம்பம் மலை வழியாக மைசூர் கிளம்பியிருந்தான். இரவில் அந்த மலையில் லாரிகளை விடமாட்டார்கள் என்பதால் ஆறு மணிக்குள் பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். சாம்ராஜ்நகரில் அக்கா வீட்டு விசேஷம் என்று அவன் மனைவி சுதாவும் கூட வந்திருந்தாள்.

"ஏனுங்ணா, நாப்பத்தஞ்சுல போனா வண்டி கெடந்து நடுங்குதுங்க. அறுபதத் தாண்டுனா நடுக்கம் நின்னு போயிருது" என்றான்.

"அறுபதத் தாண்டுனா எனக்கு நடுங்குதுங்ணா, அத ஆருகிட்டச் சொல்றது?" என்றாள் சுதா.

நானே ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்தில் நடுக்கம் வந்தது. அது ஸ்டீயரிங்கில் இல்லை, இருக்கையிலும் காலடித் தகட்டிலும் இருந்தது. கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன், அப்போதும் நிற்கவில்லை. அப்படியென்றால் இன்ஜின் காரணமில்லை, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. படுத்துப் பார்த்தால், தண்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து தொங்கியது. மாற்ற இரண்டு மணி நேரம் ஆனது. மறுபடி ஓட்டினேன். நாற்பத்தைந்தில் ஒரு நடுக்கமும் இல்லை. இது வரைக்கும் எல்லாம் கணக்காகத்தான் இருந்தது.

மலை ஏறும் வண்டியை, ஸ்டீயரிங் மூட்டுகளைத் தொட்டுப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து மூட்டு மூட்டாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக இன்ஜினை அணைத்துவிடுவேன். என் பட்டறையில் இதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. கீழே இருப்பவன் "போதும்" என்று சொல்கிற வரை மேலே இருப்பவன் ஆட்டுவதை நிறுத்தக்கூடாது, இறங்கவும் கூடாது. பாதியில் நிறுத்திவிட்டால் தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டாகத் தெரியும்.

"போன மாசந்தானுங்ணா ஸ்டீயரிங்ல நீங்களே பால் ஜாயிண்ட் மாத்திக் குடுத்தீங்க. நேரமாவுதுங்க" என்றான் முருகேசன்.

"அஞ்சு நிமிசம் சாமி. மேல ஏறி ஆட்டு, நான் அடில போறேன்."

"செரிங்ணா."

கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு அடியில் நுழைந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "ஆட்டு" என்றேன். மேலே தகடு லேசாக முனகியது. சக்கரங்களை இணைக்கும் கம்பி இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. இரண்டு முனைகளிலும் விரல் வைத்தேன். ஆட்டமில்லை. மற்ற இடங்களும் நன்றாகவே இருந்தன. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியை மட்டும் நான் தொடவில்லை. போன மாதம் என் கையால் மாட்டிய ஜாயிண்ட், அதில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான்.

"போதும்" என்று சொல்ல வாயெடுத்தபோது ஆட்டம் மாறியது. நீளமாக ஆட்டிக்கொண்டிருந்தது சின்னச் சின்னதாக, வேகமாக, டக் டக்கென்று வெட்ட ஆரம்பித்தது. அவசரத்தில் எரிச்சல்படுகிறான் என்று நினைத்தேன்.

"மெதுவா ஆட்டு சாமி."

மெதுவானது. மூன்று முறை இடம் வலம் போயிருக்கும். மறுபடி டக் டக். இம்முறை சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது பிடித்துவிட்டது. நான் தொடாமல் விட்ட அதே கம்பி. கை வைத்தேன். ஜாயிண்டின் நட்டு என் விரலோடு சேர்ந்து சுற்றியது. நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் ஸ்பிலிட் பின் அதில் இல்லை, ஓட்டை காலியாக இருந்தது. கடைசி இரண்டு மரையில் நட்டு தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் பின்னைக் கையில் எடுத்தபோது யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். திரும்பி வந்து கிரீஸைத் துடைத்து வண்டியை அனுப்பிவிட்டேன். பின்னை மாட்டவேயில்லை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறப்போகும் வண்டி, அதில் புருஷனும் பெண்டாட்டியும்.

நட்டைப் பிடித்தபடியே தலையைத் திருப்பினேன். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனுக்கு உலகம் முழங்காலுக்குக் கீழேதான். எதிர்ப்புற டீக்கடையிலிருந்து நான்கு கால்கள் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தன. வார் அறுந்து ஊக்கு குத்திய முருகேசனின் நீலச் செருப்பு. பக்கத்தில் கொலுசோடு சுதாவின் கால்.

என் கையில் இருந்த மூட்டு அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. இடது. வலது. இடது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை, முழங்கை தோல் உரிந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். எட்டிப் பார்த்தால் இருக்கை காலி. இரண்டு பக்கக் கதவும் பூட்டியிருந்தன.

"உங்களுக்கு டீ வாங்கியாறப் போனனுங்ணா. நீங்க கை தொடச்சுட்டு இருந்தீங்களா, அதுக்குள்ள வந்தரலாம்னு கதவப் பூட்டிப்போட்டுப் போனேன். இனி ஏறி ஆட்டட்டுங்ளா?"

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. வாங்கித் திறந்து நானே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். சாவியை எடுத்தால் பூட்டிக்கொள்ளும் ஸ்டீயரிங் அது. பூட்டித்தான் இருந்தது.

பின் மாட்டாதது என் தவறு என்று அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

"அப்ப மலைல போயி கழண்டிருந்தா?" என்று சுதா கேட்டாள். முருகேசன் டீயை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். நட்டை இறுக்கி, புது பின் செருகி, அதன் இரண்டு காலையும் விரித்து மடக்கி, அவளையே குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்த பிறகுதான் ஏறினாள். ஆறு மணிக்குள் பண்ணாரியைத் தாண்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் முருகேசன் மாதம் ஒருமுறை கிரீஸ் அடிக்க வருகிறான். நடுக்கம் திரும்பவில்லை. ஒரே ஒரு புகார்தான் சொல்கிறான்.

"நிறுத்துன வண்டில சும்மா ஒக்காந்திருந்தா ஸ்டீயரிங் லேசா ஆடுதுங்ணா. எடது, வலது. நீங்க அடில படுத்து ஆட்டச் சொல்லுவீங்கள்ல, அதாட்டவே."

எல்லா மூட்டையும் பார்த்துவிட்டேன், எதிலும் ஒரு நூல் ஆட்டம்கூட இல்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்று நான் "போதும்" என்று சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

அதைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அடியில் படுத்தேன். இரண்டு முறையும் நாக்கு எழவில்லை. சொன்னால் அது இறங்கிப் போய்விடும் அல்லவா? வண்டி வாரம் ஒரு தடவை திம்பம் ஏறுகிறது. என் கையால் மாட்டியது எதையும் நான் இப்போது முழுதாக நம்புவதில்லை. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி, ஆடுனா ஆடட்டும், போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.