கொலையாளியின் வலக்கை

படப்பிடிப்பு அரங்கில் துப்பாக்கிகளைப் பேணுபவர் அவர். எல்லோருக்கும் ‘துப்பாக்கி அண்ணன்’. தோட்டா ஏறாத போலிக் கைத்துப்பாக்கி, வெற்றுவெடி மட்டும் வெடிக்கும் நீள்துப்பாக்கி, கீழே விழுந்தாலும் ஒலியெழுப்பாத ரப்பர்த் துப்பாக்கி என யாவற்றையும் துடைத்துப் பெட்டியிலிட்டுப் பூட்டுவதோடு அவர் கடமை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இந்தத் திகில் படத்தில் கொலையாளியின் முகம் தெரியாது. துப்பாக்கி ஏந்திய வலக்கை மட்டுமே தெரியும். அதற்கென வந்த நடிகர், கைத்துப்பாக்கியைக் கரண்டிபோல் பிடித்தார். வேலேந்திய கைகளைப் பாடிய புலவர் எவரும் அந்தப் பிடியைப் பாடத் துணியார்.

“இப்படிப் புடிக்கணும் தம்பி” என்று இவர் பிடித்துக் காட்டினார். அவ்வளவுதான். நடிகர் வீட்டுக்குப் போனார். மணிக்கட்டில் தீத்தழும்புள்ள இவர் கை கொலையாளியின் கையாயிற்று. ஆப்பசைத்த குரங்கின் கதைதான். கொலையாளி சாகும்வரை வருவேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அதே கைதான்.

இதற்கிடையே மனைவிக்கு வேற்றூரில் ஆசிரியை வேலை கிடைத்தது, மகளோடு போய்விட்டாள். அங்கே ஒரு பூட்டுக்கடையில் கணவருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமைக்கு மேல் கடைக்காரர் காத்திருக்க மாட்டாராம்.

“அந்தப் படுபாவி எப்பங்க சாவான்?” என்று தொலைபேசியில் தினமும் கேட்பாள்.

“வெள்ளிக்கிழமை கண்டிப்பா செத்துடுவான். சாயங்கால வண்டியில ஏறிடுவேன்.”

வெள்ளியன்று புகை மண்டிய அரங்கின் தரையில் படுத்துக் கையை நீட்டினார். இயக்குநர் குனிந்தார்.

“அண்ணே, இவன் சாகலை. ரெண்டாம் பாகம் எடுக்கறோம், அடுத்த வாரமே ஆரம்பம். விரல் அசையணும், துப்பாக்கியை இறுக்கிப் புடிக்கணும்.”

“சார், நான் ஊருக்குப் போகணும்னு சொல்லியிருந்தேனே?”

“தாராளமாப் போங்க. கையை மட்டும் விட்டுட்டுப் போங்க!”

சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. கேமரா ஓடியது. கை ஒருமுறை துடித்தது. விரல்கள் மெல்ல விரிந்தன. துப்பாக்கி நழுவிச் சரிந்தது. உயிர் பிரிந்த கை அது. கண்டவர் ஐயுற இடமில்லை.

“யாருண்ணே சாகச் சொன்னது?” என்று இயக்குநர் கத்தினார்.

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் செத்தான். அதற்கடுத்த முறையும் செத்தான்.

“தவறிடுது சார்” என்றார் இவர், முகம் திருப்பாமல்.

அருகே விளக்கைத் தாங்கி நின்ற முதியவர் முனகினார்: “நீ அவனைக் கொல்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்பா.”

குரலில் கேலிதான் இருந்தது. ஆனால் தரையில் கிடந்தவரின் கண்ணெதிரே அந்த மனிதரின் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து நிற்கும் கால்கள்.

அடுத்த முறை கை அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாய்த் துப்பாக்கியைச் சுற்றி இறுகின.

கைதட்டல் ஓயுமுன் வெளியே வந்து மனைவியை அழைத்தார்.

“செத்தானா?”

“பொழச்சுட்டான்மா.”



“நல்லா இருக்கட்டும்” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.