தொங் கட்டிய பள்ளிக்கூடம்

லுவாவின் புருஷன் தொங்குக்கு வேலை என்று ஒன்று இருந்தால் அது தோற்பதுதான். காலையில் காப்பிக்கடையில் போய் உட்காருவான். சீட்டு விற்கிறவள் வருவாள். சந்தையில் மீன் நூடுல்ஸ் விற்று லுவா கொண்டுவந்த காசு லாட்டரிச் சீட்டாக மாறும். சாயங்காலம் குலுக்கல் முடிந்ததும் அதைக் கிழித்து ஆற்றில் எறிந்துவிட்டு, ஏதோ தானம் செய்துவிட்டு வந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான்.

கரையோரம் பள்ளிக்கூடம் எழும்பத் தொடங்கியபோது அந்த நெஞ்சு இன்னும் நிமிர்ந்தது. லாட்டரி வருமானத்தில் மாகாண அரசு கட்டிய இரண்டு மாடிக் கட்டடம்.

"அந்த மாடிப்படி இருக்கே, முழுக்க என் காசு" என்பான்.

"நான் நூடுல்ஸ் வித்த காசுன்னு சொல்லுய்யா. ஊருக்கு மாடி கட்டுற மகராசா, மொதல்ல உன் செருப்புக்கு வார் மாத்து" என்பாள் லுவா.

திறப்பு விழாவன்று வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டான். ஊராட்சிப் பையன் ஒருவன் குனிந்து, "சித்தப்பா, இது விருந்தாளிங்க நாற்காலி" என்றான்.

"இருபது வருசமா சீட்டு வாங்குறவன்டா நான். நானா விருந்தாளி? வீட்டுக்காரன்!"

பையன் அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். லாட்டரிக் கம்பெனிப் பெரியவர் மைக் பிடித்து நன்றி சொன்னார். தலைவர்களுக்கு, இன்ஜினீயருக்கு, கான்ட்ராக்டருக்கு, பூந்தொட்டி கொடுத்த கடைக்காரருக்குக்கூட. ஒவ்வொரு பேருக்கும் தொங் எக்கி எக்கிப் பார்த்தான். லாட்டரி வாங்குவது நாட்டுப்பற்று என்று சொல்லி அவர் முடித்துவிட்டார்.

வாசலில் கடை போட்டிருந்த லுவாவுக்கு அந்த எக்கல் கண்ணில் பட்டது. கரண்டியும் கையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, தோத்தவங்களுக்கு நன்றி கிடையாதா? அவங்கதானே கட்டினது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எல்லாருக்குமே நன்றிதான், அக்கா" என்றார் பெரியவர், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு.

"நாட்டுப்பற்றுன்னீங்களே, நீங்க தினம் எத்தனை சீட்டு வாங்குறீங்க?"

பெரியவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். பக்கத்திலிருந்தவர்களும் ஆளுக்கொரு குவளையை எடுத்தார்கள். ஊராட்சிப் பையன் அவசரமாகப் பாட்டைப் போட்டான்.

வீடு திரும்பும்போது தொங்குக்குக் கால் தரையில் பாவவில்லை. "எனக்காகக் கேட்டியே, புள்ள!"

"உனக்காகவா? அத்தன பேரும் சேர்ந்து உன்ன முட்டாளாக்கினாங்க. நூடுல்ஸ் வித்து உனக்குக் காசு குடுத்த நான் உன்னவிடப் பெரிய முட்டாள். எனக்காகக் கேட்டேன்."

மறுநாளிலிருந்து காசு அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. தொங் ஒரு வாரம் முறைத்தான். பிறகு வேறு வழியில்லாமல் அவள் கடையில் கிண்ணம் கழுவ வந்து, முதல் நாளே இரண்டை உடைத்தான்.

காப்பிக்கடையில் மற்றவர்கள் இப்போது ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். லுவா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காறித் துப்பிவிட்டுத்தான் போகிறாள்.